நாலாம் நம்பர் டிரம்மில் நின்ற சாட்சி

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் ஏழுமலை செருப்பைக் கழற்றிக் கீழே விட்டார். கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டே ஏறலாம் என்று டவாலி சொல்லியும் அவர் கேட்கவில்லை. வெறுங்காலோடு ஏறி, மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அவர் விரல்களைப் பார்த்தேன். சுண்ணாம்பில் ஊறி ஊறித் தோல் வெளுத்து, நகக்கண்ணெல்லாம் வெடித்துக் கிடந்தன. என் அப்பாவுக்கும் அதே விரல்கள்தான். சாகும்வரை அவரால் ரசம் சோற்றைக் கையால் பிசைய முடியவில்லை, எரியும். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் ஜெயித்ததைக் கொஞ்சம் கூட்டியும் தோற்றதைக் கொஞ்சம் குறைத்தும்தான் சொல்லி வந்திருக்கிறேன். வக்கீல் புத்தி, போகாது. இந்த வாரம் சொல்லப்போவதும் ஜெயித்த கேஸ்தான். ஆனால் என்னை யோக்கியன் என்று நம்பி வாராவாரம் படிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தொட்டிக்குள் இறங்கியவர்

பேரணாம்பட்டு பக்கத்தில் தோல் பதனிடுகிற ஒரு டேனரி. பெயர் வேண்டாம். பின்கட்டில் கழிவுநீர்த் தொட்டி. தோல் கழுவிய தண்ணீர், சுண்ணாம்பு, மயிர், கொழுப்பு எல்லாம் போய்ச் சேருகிற இடம். அதில் அடைப்பு. சேகர் என்கிற தொழிலாளி உள்ளே இறங்கினார். இறங்கியவர் ஏறவில்லை. விஷவாயு. கயிறு கட்டித்தான் தூக்கினார்கள். அவருக்கு மல்லிகா என்று மனைவி, கல்யாணமாகி நாலு வருஷம்.

சூப்பர்வைசர் மேல் கேஸ் போட்டார்கள். நான் சூப்பர்வைசருக்கு வக்கீல்.

கேஸில் இருந்தது ஒரே கேள்வி. சேகர் தானாக இறங்கினாரா, சூப்பர்வைசர் மிரட்டி இறக்கினாரா? கழிவு உறிஞ்சுகிற லாரி வரும்வரை பொறு என்றுதான் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார், அவசரப்பட்டு சேகரே இறங்கிவிட்டார் என்பது எங்கள் கட்சி. அங்கே வேலை பார்த்த மற்றவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் கோர்ட்டுக்கு வந்து, நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பிறழ் சாட்சிகள் என்று குறித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் அதே கேட் வழியாகத்தானே உள்ளே போக வேண்டும்.

ஏழுமலை மட்டும் மாறவில்லை. அவர் சேகருக்கு தோஸ்த். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். முதல் விசாரணையில் அரசு வக்கீல் கேட்கக் கேட்க, பார்த்ததைச் சொன்னார். வாடை அடிக்கிறது, மோட்டார் வைத்து இறைத்துவிட்டு இறங்குகிறேன் என்று சேகர் சொன்னாராம். அதற்கு சூப்பர்வைசர் சொன்னதாக ஏழுமலை சொன்னதை டைப்பிஸ்ட் அப்படியே அடித்தார்.

"இப்ப எறங்குறியா, நாளைக்கு கேட்டுக்கு வெளிய நிக்கிறியா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மல்லிகா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இந்த ஒரு வாக்கியம் நின்றால் என் கட்சிக்காரர் ஜெயிலுக்குப் போவார். நிற்காவிட்டால், சேகர் தன் முட்டாள்தனத்தால் செத்தவர் ஆகிவிடுவார்.

மூன்று பேர், ஒரே நிமிஷம்

கோர்ட் ஒரு சாட்சியை எப்படி நம்புகிறது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். சினிமா பார்த்துவிட்டு, அழுதால் நம்பிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அழுகையெல்லாம் தீர்ப்பில் ஏறாது.

நான் ஜூனியராக இருந்தபோது ஜோலார்பேட்டையில் நடந்த ஒரு வெட்டுக்குத்து கேஸ். சாட்சிகள் மூன்று பேர். மூவரும் கத்தி எத்தனை அங்குலம், எந்தத் தோளில் முதல் வெட்டு, மணி பத்து நாற்பத்தேழு என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு உங்களில் யார் கையில் வாட்ச் இருந்தது என்று கேட்டார். ஒருவர் கையிலும் இல்லை. கேஸ் அங்கேயே படுத்துவிட்டது.

நிஜமாகப் பார்த்தவன் கொஞ்சம் தப்பும் தவறுமாகத்தான் சொல்வான். சட்டை நிறம் மாறும், நேரம் மாறும், யார் முதலில் ஓடிவந்தது என்பது மாறும். இதையெல்லாம் கோர்ட் பெரிதுபண்ணாது. மனுஷன் மண்டை கேமரா இல்லை என்று ஜட்ஜுகளுக்கும் தெரியும். சாட்சிகளை எண்ணக் கூடாது, எடைபோட வேண்டும் என்பார்கள். ஒரே ஒரு சாட்சி போதும், ஆனால் அந்த ஒருவர் முழுசாக நம்பும்படி இருக்க வேண்டும். அவர் சொல்வதில் உமியும் அரிசியும் கலந்திருந்தால் புடைத்து அரிசியை எடுத்துக்கொள்ளலாம். பிரிக்கவே முடியாமல் கலந்திருந்தால் முறத்தோடு கொட்டிவிட வேண்டியதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் கோர்ட் விட்டுக்கொடுக்காது. நீ எங்கே நின்றாய், அங்கிருந்து அது தெரியுமா? சாட்சிக்கு அதுதான் அஸ்திவாரம். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டுகிற சுவர்.

ஆளில்லாமல் டிரம் சுற்றக் கூடாது

கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் வரைந்த வரைபடம் கையில் வந்தது. டிரம் ஷெட்டில், தோலைப் போட்டுச் சுற்றவிடுகிற ஐந்து டிரம். அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி. நாலாம் நம்பர் டிரம் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, சாட்சி நின்ற இடம் என்று எழுதியிருந்தது. போலீசில் ஏழுமலை கொடுத்த வாக்குமூலத்திலும் அதேதான். அங்கே நின்றால் தொட்டி தெரியாது, சுவர்தான் தெரியும்.

ஆனால் கோர்ட்டில் அவர் வேறு இடம் சொன்னார். ஷெட்டுக்கு வெளியே, சுவர் முடிகிற முக்கில், உப்பு மூட்டை அடுக்கியிருக்கிற இடத்தில் பீடி குடிக்க நின்றாராம். அங்கிருந்து தொட்டி பத்தடி. வெட்டவெளி. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

வேறு வக்கீலாக இருந்தால், இவன் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பான். நான் அப்படி நினைக்கவில்லை. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் என் பாவம்.

டேனரியில் டிரம் ஆள் என்றால் டிரம்மோடு இருக்க வேண்டும். ஆளில்லாமல் டிரம் சுற்றினால் அரைநாள் கூலி கட். அதனால் எங்கே இருந்தாய் என்று எவர் கேட்டாலும், ஒன்றுக்குப் போயிருந்தாலும் டீக்குப் போயிருந்தாலும், வாயில் வருவது டிரம்தான். என் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் இருந்தார். ஒருநாள் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றவர் கால்மேல் லாரியிலிருந்து தோல் கட்டு சரிந்து விழுந்தது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே அடிபட்டது என்று கேட்டார். டிரம்கிட்ட என்றார் அப்பா. நான் பக்கத்திலேயே நிற்கிறேன், ப்ளஸ் டூ படிக்கிற திமிரில் ஏன்பா பொய் சொல்ற என்றேன். அப்பா என்னை முறைத்தார். வலியைவிட அந்தக் கேள்விதான் அவருக்குப் பேஜாராக இருந்தது.

ஏழுமலையைப் போலீஸ் விசாரித்தது எங்கே தெரியுமா? அதே டேனரிக்குள், அதே டிரம் ஷெட்டில், மேனேஜர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது. எங்கய்யா நின்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய பதிலை அவர் வாய் சொல்லியிருக்கிறது.

ஏன் என்று கேட்காதே

குறுக்கு விசாரணையில் ஏன் என்று மட்டும் கேட்காதே என்பார் என் சீனியர். ஏன் என்று கேட்டால் சாட்சிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி, உள்ளே இருக்கிற உண்மையெல்லாம் வெளியே வந்துவிடும். ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லவிடு என்பார்.

நானும் அப்படியே செய்தேன். உங்கள் வேலை நாலாம் நம்பர் டிரம்மில்தானே என்றேன். ஆமாம் என்றார். போலீசில் அங்கே நின்றதாகச் சொன்னீர்களா? ஆமாம். இன்றைக்கு உப்பு மூட்டைப் பக்கம் நின்றதாகச் சொல்கிறீர்களா? ஆமாம். நாலாம் நம்பர் டிரம்மிலிருந்து தொட்டி தெரியுமா? தெரியாது சார், செவுரு கீது என்றார். நின்ற இடத்தையே திருப்பித் திருப்பி ஏழெட்டு விதமாகக் கேட்டேன். மனுஷன் சளைக்காமல் ஒரே மாதிரி பதில் சொன்னார். கடைசியில், இரண்டில் எது உண்மை என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் சார்" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஜூனியர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சத்தியம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவ்வளவுதான் என்று உட்கார்ந்தேன்.

ஜட்ஜ் அம்மா கேட்டது

ஜட்ஜ் அம்மா தென் மாவட்டத்துக்காரர். மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல மனுஷி. சாட்சிகளை அதட்ட மாட்டார், தண்ணீர் கொடுக்கச் சொல்வார். ஏழுமலை சொன்னதில் என்னவோ இருக்கிறது என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். டைப்பிஸ்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு அவரே கேட்டார்.

ஏன் இரண்டு விதமாகச் சொன்னாய் என்று கேட்டுவிட்டால் கேஸ் முடிந்தது. அதைக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"ஏம்ப்பா, வேலை நேரத்துல டிரம்ம விட்டுட்டு நீ வெளிய போனியா, போகலையா? அதை மட்டும் சொல்லு."

அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியை ஏழுமலை வாழ்நாளெல்லாம் சூப்பர்வைசர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறார். அந்த சூப்பர்வைசர் எதிர்க் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஏழுமலையின் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போய்வந்தது.

"இல்லம்மா. டிரம்ம விட்டுட்டு நான் எங்கயும் போவல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அய்யோ, அது இல்லம்மா என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் ஜட்ஜ் அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு டைப்பிஸ்டுக்கு வாசகம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மறு விசாரணை உண்டா, சாட்சியை இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அரசு வக்கீலைக் கேட்டார்கள். தோண்டத் தோண்டப் பூதம் கிளம்பும் என்று பயந்தாரோ என்னவோ, இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். ஏழுமலை கீழே இறங்கிச் செருப்பைத் தேடினார். போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தீர்ப்பு

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். குறை சொல்ல ஒரு வரி கிடையாது. ஒரே சாட்சியை நம்பித் தண்டிக்கலாம், தடையில்லை என்று எழுதியிருந்தார். சின்ன முரண்பாடுகள் சாட்சியத்தைக் கெடுக்காது என்றும் எழுதியிருந்தார். ஆனால் இது சின்ன முரண்பாடு இல்லை, வேரையே தொடுகிறது. டிரம்மை விட்டுப் போகவில்லை என்று சாட்சியே சொன்ன பிறகு, சுவருக்கு அப்பால் நடந்ததை அவர் பார்த்திருக்க முடியாது. எனவே அவர் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது சூப்பர்வைசருக்கு. விடுதலை.

ஒரு மனுஷன் இயல்பாக எப்படி நடந்துகொள்வான் என்பதை வைத்துத்தான் கோர்ட் உண்மையை எடைபோடுகிறது. சரிதான். ஆனால் யாருடைய இயல்பு? எழுந்து வெளியே போக எவனிடமும் அனுமதி கேட்க வேண்டாதவர்களின் இயல்புதான் எங்கள் புஸ்தகத்தில் இருக்கிறது. எங்கே நின்றேன் என்று பொய் சொல்லிச் சொல்லியே வயிறு கழுவுகிறவன் இயல்பு அதில் இல்லை. ஜட்ஜ் அம்மாவுக்கு அதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்த ஒரே ஆள் எதிர்ப்பக்கம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாசலில் நின்றவர்

தீர்ப்புக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழுமலை என் வீட்டு வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்திப் பேசினேன்.

சண்டை இல்லை. சாட்சி சொன்னதிலிருந்து அந்தக் கம்பெனியில் வேலை போயிற்று, பக்கத்துக் கம்பெனிகளிலும் எடுக்கவில்லை. அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. தெருவே அவர் கம்பெனிக்காரனிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டு வேண்டுமென்றே உளறினார் என்கிறதாம். மல்லிகாவும் அப்படித்தான் நினைக்கிறாராம்.

"சார், நீங்க ஆம்பூர்ல டேனரியில வேல பாத்தவரு புள்ளன்னு சொன்னாங்க. டிரம்ம விட்டுப் போனேன்னு எவன் சார் ஒத்துக்குவான்? உங்களுக்குத் தெரியும்தான?"

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

"கேஸ் போனது போவட்டும் சார். அந்தப் பொண்ணுகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நான் பாத்தேன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

தொழில் தர்மம், கட்சிக்காரர் நம்பிக்கை என்று என்னென்னவோ பேசினேன். பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, சரிங்க சார் என்று போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. அசிங்கம். வேறென்ன சொல்ல.

மல்லிகா

என் கட்சிக்காரர் இப்போது உயிரோடு இல்லை. அவர் என்னிடம் தனியாகச் சொன்னது எதையும் இங்கே எழுதவில்லை, அது அவரோடு போயிற்று. எழுதுவதெல்லாம் எனக்கே தெரிந்தது. இதை எழுதுவதற்கு முன் மல்லிகாவைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எட்டு வருஷம் கழித்துத் தோன்றியது. போன மாதம் போனேன்.

ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் இருக்கிறார். லீவு நாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டே சொன்னேன். ஏழுமலை கைநீட்டவில்லை, அவர் பார்த்தது நிஜம், எங்கே நின்றார் என்பதில் ஏன் அவர் வாய் மாறியது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். டேனரித் தொழிலாளி வீட்டில் வாழ்ந்தவர் அவர். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதைக் கோர்ட்டில் போய்ச் சொன்னால் ஆகாதா என்று கேட்டார். இனிமேல் ஆகாதம்மா, மேல்முறையீட்டுக் காலமெல்லாம் போய்விட்டது, நான் சொன்னால் சாட்சியமும் ஆகாது என்றேன்.

உள்ளே போய் ஒரு பாலிதீன் கவரை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். தீர்ப்பு நகல். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பக்கத்து வீட்டு டீச்சரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். நம்பத்தகுந்த சாட்சி அல்ல என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாராம்.

"கவர்மெண்டு முத்திர போட்ட பேப்பரு சார். அதுல பொய்யா எழுதியிருப்பாங்கன்னு நெனப்பேனா? எங்க வூட்டுக்காரருக்கு வருஷா வருஷம் படைக்கும்போதெல்லாம் ஏழுமலை அண்ணன் வாழத்தாரு எடுத்துக்கினு வந்து வாசல்ல நிப்பாரு. தீர்ப்பு வந்த வருஷம் நான் உள்ள விடல. ரெண்டாவது வருஷமும் விடல. மூணாவது வருஷம் தார தூக்கித் தெருவுல எறிஞ்சேன். பொறுக்கிக்கினு போனாரு. அதுக்கப்புறம் வரல."

கவரை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார், காலில் செருப்போடு, எங்கோ கிளம்புகிறவர் மாதிரி.

"அண்ணன் இப்ப எங்க சார் கீறாரு?"

தெருவை விட்டே போய்விட்டாராம், எங்கே என்று இங்கே யாருக்கும் தெரியாதாம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார். எனக்கும் தெரியாதம்மா என்றேன்.

மல்லிகா என்னையே பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எங்க நின்ன, எங்க நின்னன்னு அன்னிக்கு அவர அவ்ளோ வாட்டி கேட்டீங்களே சார்."